முடிக்கும் முன்பே சொல்லுங்கள், அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

"கி. ராஜநாராயணனின் கோபல்ல கிராமம் நாவல் கையில் இருக்கிறது. பாதிகூடத் தாண்டவில்லை, முடித்த பிறகு எழுதுகிறேன்" என்று ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். எனக்கு அந்தப் பாதிதான் வேண்டும்.

முடித்த பிறகு சொல்கிறவர்களுக்குக் குறைவே இல்லை. டிசம்பர் வந்தால் படித்த நூல்களின் பட்டியல்கள் வரிசையாக வரும். நானும் ஆசையோடு பார்ப்பேன், சிலவற்றைக் குறித்தும் வைத்துக்கொள்வேன். ஆனால் அவற்றில் இருப்பது ஆறிப்போன அபிப்பிராயம். நடுவில் நிற்பவரிடம்தான் கோபமும் சந்தேகமும் "இவன் இப்படிச் செய்துவிடக் கூடாதே" என்ற பதைப்பும் இருக்கும். கடைசிப் பக்கத்தைத் தாண்டியவுடன் அவை எங்கோ போய்விடுகின்றன. பிறகு நாமே நினைத்தாலும் திரும்பக் கிடைப்பதில்லை.

நான் என்ன படிக்கிறேன் என்று கேட்டிருந்தீர்கள். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையரின் தன்வரலாறு, என் சரித்திரம். இன்னும் முடிக்கவில்லை. இப்போது கும்பகோணத்தில் இருக்கிறேன், 1880ஆம் ஆண்டு. அவருக்கு 25 வயது, கல்லூரியில் தமிழாசிரியர் வேலை கிடைத்த புதிது. ஊருக்கு முன்சீபாக வந்திருக்கும் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் அல்லவா! அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று அடுக்குகிறார். முதலியாரின் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா என்று கேட்கிறார். நூல் கிடைக்கவில்லை, கிடைத்தால் படிப்பேன் என்கிறார் ஐயர்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நடந்தேன், அக்கா. முதலியார் புலமையைச் சோதித்து அனுப்பிவிடவில்லை. தன்னிடம் இருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியையே கொடுத்துவிடுகிறார். அதைச் சேர்ந்து படிக்க ஒரு துணை அவருக்கும் வேண்டியிருந்தது. இருவரும் உட்கார்ந்து படிக்கிறார்கள். சிந்தாமணி சமணக் காப்பியம், அந்த மரபு விளங்காமல் தடுமாறி, அவ்வூர்ச் சமணர்களைத் தேடிப் போகிறார் ஐயர். அங்கே சிந்தாமணியை வீட்டில் முறையாகப் படித்து, நிறைவு பெற்றதை விழாவாகவே கொண்டாடுகிறார்கள். ஏட்டில் தேடிக்கொண்டிருந்த நூல் சில தெரு தள்ளி வாசிக்கப்பட்டுக்கொண்டிருந்தது! 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது, பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. இவ்வளவுக்கும் பின்னால் ஒருவர் மற்றவரிடம் "என்ன படித்தீர்கள்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்ட ஒரு சந்திப்பு இருக்கிறது. கேட்டவர் தமிழ்ப் பண்டிதர்கூட அல்லர், நீதிமன்ற அதிகாரி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்த நூல் 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. 1942 ஏப்ரலில் ஐயர் காலமானார். 122 அத்தியாயங்களோடு கதை பாதியில் நின்றுவிட்டது. அந்த நாளில் விகடன் வாங்கியவர்கள் எல்லாரும் வாரக்கணக்கில் நடுவிலேயேதான் இருந்திருப்பார்கள். திண்ணைகளில் இதைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்களோ என்று கேட்க ஏக்கமாக இருக்கிறது.

இப்போது உங்கள் நாவலுக்கு வருகிறேன். மெதுவாகப் படிக்கிறேன் என்று கூச்சப்படாதீர்கள், அந்த மெதுவுக்காகவே உங்களிடம் கேட்கிறேன். மங்கத்தாயாரு அம்மாள் சொல்லும் அந்த நெடும்பயணம் உங்களுக்கு எப்படி இருக்கிறது? அலுப்பாக இருந்தால் அலுப்பு என்றே எழுதுங்கள். குளத்தில் தண்ணீர் குடிக்க இறங்கிய கர்ப்பிணியைக் கொன்றவனைக் கட்டி வைத்திருக்கிறார்களே, அவனுக்கு ஊர் என்ன தீர்ப்புச் சொல்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அந்தப் பக்கத்துக்குப் போகும் முன்பே எனக்கு எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கை