இன்ஜினை இறக்கியாச்சு, பாப்பா

எர்ணாவூர்,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நாங்கள் இருவரும் நலம். அம்மாவுக்கு வீசிங் இந்த மாதம் வரவில்லை.

போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். "வண்டியை வித்தாலே 60,000 தேறாது, அதுக்கு 52,000 செலவு பண்ணி இன்ஜின் வேலையாப்பா?" என்றாய். கேட்க வேண்டிய கேள்விதான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் எதிரில் சொல்ல முடியாத ஒன்று அந்தப் பதிலுக்குள் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நம்ம சான்ட்ரோ கார் ஒரு வருஷமாகவே இன்ஜின் ஆயிலைக் குடிக்கிறது. 800 கிலோமீட்டர் ஓடினால் அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பின்னால் நீலப் புகை. சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங் கையில் நடுங்கும். மெக்கானிக் பாயிடம் கொண்டுபோனேன். புகையைப் பார்த்ததும் "இன்ஜின் போச்சு" என்று சொல்லிவிடும் ஆளில்லை அவர். நாலு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் சிலிண்டரின் அழுத்தம் பார்க்கிற கேஜை மாட்டி, என்னை உள்ளே உட்கார்ந்து செல்ஃப் அடிக்கச் சொன்னார். ஒன்று, இரண்டு, நாலு ஆகிய மூன்று சிலிண்டரிலும் 160, 165 வந்தது. மூன்றாவது சிலிண்டரில் 105.

அதோடு விடவில்லை. அந்த மூன்றாவதில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி பார்த்தார். ரிங் மட்டும் தேய்ந்திருந்தால் எண்ணெய் அந்த இடைவெளியை அடைத்து அளவு நன்றாக ஏறும் என்றார். ஏறியது, ஆனால் 120-க்கு மேல் போகவில்லை. அப்புறம் நீளமான ஒரு ஸ்க்ரூ டிரைவரை பிளக் ஓட்டை வழியாக உள்ளே நிறுத்தி, கையால் இன்ஜினைச் சுற்றி, பிஸ்டன் எவ்வளவு உயரம் வருகிறது என்று நாலிலும் கோடு போட்டார். மூன்றாவது பிஸ்டன் மட்டும் மூன்று மில்லிமீட்டர் கீழேயே நின்றது. "கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்குண்ணே. இது எப்பவோ தண்ணி குடிச்சிருக்கு" என்றார்.

எனக்கு உடனே தெரிந்துவிட்டது.

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். அன்று தண்ணீர் வந்தது உனக்குத் தெரியும். அதோடு தண்ணீரில் கலந்த ஆலை எண்ணெயும் வந்து வீட்டுச் சுவரில் கறுப்புக் கோடு விழுந்ததையும் நீ வந்து பார்த்தாய். வாசலில் நின்ற வண்டிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று மட்டும்தான் உன்னிடமும் அம்மாவிடமும் சொன்னேன். நடந்தது அது இல்லை. காலையில் தண்ணீர் பாதி சக்கரத்தில் இருந்தபோது, வண்டியை மெயின் ரோட்டு மேட்டில் ஏற்றிவிடலாம் என்று நானே ஸ்டார்ட் பண்ணி எடுத்துப் போனேன். தெருமுனைப் பள்ளத்தில் தண்ணீர் பானட்டைத் தொட்டது. டங்கென்று ஒரு சத்தம், வண்டி நின்றது. அப்போதாவது சாவியை எடுத்திருக்க வேண்டும். பயத்தில் இன்னும் இரண்டு தடவை செல்ஃப் அடித்தேன். காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. மேலே வந்த பிஸ்டன் தண்ணீரில் முட்டி, அதைத் தாங்கும் ராடு வளைந்திருக்கிறது. துறைமுகத்தில் 33 வருஷம் கிரேன் ஓட்டியவன் நான். சத்தம் மாறினால் லிவரிலிருந்து கையை எடு என்று எத்தனை பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்!

அப்புறம் வேறொரு பட்டறையில் தண்ணீரை இறக்கி, மூன்று முறை ஆயில் மாற்றி ஓட வைத்தார்கள். ஓடியது என்பதால் நானும் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வருஷம் அந்தப் பிஸ்டன் கோணலாகவே ஏறி இறங்கி போரை, அதாவது சிலிண்டரின் உள்சுவரை, ஒரு பக்கம் தின்றிருக்கிறது.

பழைய வண்டிச் சாமான் விற்கிற, நீ சொன்ன புதுப்பேட்டைக்கும் போய்வந்தேன். சும்மா சொல்லக் கூடாது, நல்ல இன்ஜினும் அங்கே கிடைக்கிறது. இதே 1086 சிசி, அடிபட்ட வண்டியிலிருந்து இறக்கியது, 35,000 சொன்னார்கள். மாட்டும் கூலி 8,000. மொத்தம் 43,000, இரண்டு நாளில் வேலை முடிந்துவிடும். தரையில் கிடந்த அந்த இன்ஜினைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அது எந்தத் தண்ணீரில் நின்றது, யார் எந்தத் தெருமுனையில் எத்தனை தடவை செல்ஃப் அடித்தார்கள் என்று யாரிடம் கேட்பது? என்னைப் போல அவரும் சொல்லாமல் விட்டிருப்பார். நம்ம இன்ஜினின் கோளாறு இன்னதென்று மில்லிமீட்டர் கணக்கில் தெரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. இன்ஜின் நம்பர், சிலிண்டர்கள் இருக்கிற பிளாக்கில்தான் அடித்திருக்கும். பிளாக் மாறினால் ஆர்.சி.யும் மாற வேண்டும். ஆர்.டி.ஓ.விடம் தெரிவித்துப் பதிய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு சொல்கிறது. அந்த இன்ஜின் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பேப்பர் வேண்டும், இன்ஷூரன்ஸிலும் திருத்த வேண்டும். நம்ம வண்டி 2006 அக்டோபரில் பதிந்தது. 2021-ல் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்தோம், இந்த அக்டோபரில் மறுபடி எஃப்.சி. காட்ட வேண்டும். 20 வருஷம் தாண்டின காருக்குப் புதுப்பிக்கிற கட்டணத்தையும் 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். இந்த நேரத்தில் நம்பர் ஒத்துப்போகாத வண்டியோடு போய் நிற்க எனக்கு மனமில்லை.

பிடிவாதமாக முடிவெடுத்தேன் என்று நினைக்காதே. பாயிடம் முன்னாலேயே சொல்லிவைத்தேன்: இறக்கிப் பாருங்கள், பிஸ்டன்கள் சுழற்றுகிற கிராங்க் தண்டில் கோடு விழுந்திருந்தாலோ பிளாக்கில் கீறல் இருந்தாலோ பேசாமல் புதுப்பேட்டை இன்ஜினையே வாங்கிவிடலாம் என்று. வெள்ளிக்கிழமை இறக்கினார். வியாசர்பாடி லேத்துக்கு நானும் கூடப் போனேன். மைக்ரோமீட்டர் வைத்து கிராங்கை ஒவ்வொரு இடமாக அளந்தார் அங்கிருந்த பெரியவர். சுத்தமாக இருக்கிறது. பிளாக்கிலும் கீறல் இல்லை. 67 மில்லிமீட்டர் போரை நாலிலும் அரை மில்லிமீட்டர் பெரிதாக்கி, அதற்கேற்ற பிஸ்டனும் ரிங்கும் போட்டால் போதும் என்றார். வளைந்த ராடைக் கையில் கொடுத்தார்கள். நேராக இருப்பது போலத்தான் தெரிகிறது. நல்ல ராடைப் பக்கத்தில் வைத்தால்தான் வளைவு கண்ணில் படுகிறது. அதை வீட்டுக்கு எடுத்து வந்திருக்கிறேன். ராடு, பேரிங், வால்வு சீல், ஹெட்டை ஃபேஸ் பண்ணுவது, டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 52,000.

மெட்ரோ இருக்கிறதே, கார் எதற்கு என்றும் கேட்டாய். 2021-ல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்ததிலிருந்து பகலில் நாங்கள் அதில்தான் போகிறோம். கார் ராத்திரிக்கு. போன ஐப்பசியில் ஒன்றரை மணிக்கு அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. ஆட்டோவுக்குப் போன் போட்டுப் பார்த்தேன், ஒருவரும் வரவில்லை. கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்ற ரோட்டில் இந்த வண்டிதான், நீலப் புகையை விட்டுக்கொண்டே, ஸ்டான்லி ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்ச் சேர்த்தது. அன்று நடுவழியில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இன்னும் தூக்கம் வருவதில்லை. இனிமேல் தள்ளிப்போடக் கூடாது என்று அன்றைக்கே நினைத்தேன், ஆனாலும் நாலைந்து மாதம் ஓடிவிட்டது.

புது வண்டிக்கு முன்பணம் அனுப்புகிறேன் என்றாய். வேண்டாம்மா. ஐந்து வருஷம் நீ தவணை கட்ட வேண்டியிருக்கும், உனக்கு அங்கே வாடகையே எவ்வளவு என்று எனக்குத் தெரியும். இந்த 52,000-மும் என் பென்ஷனிலிருந்துதான் போக வேண்டும். கெடுத்தவன் நான். அம்மாவிடம் நாளைக்குச் சொல்லப் போகிறேன், அந்த ராடைக் காட்டி. நீ முந்திக்கொண்டு சொல்லிவிடாதே.

அடுத்த ஞாயிறு பாய் இன்ஜினை ஏற்றி ஸ்டார்ட் பண்ணுவார். புது ரிங் போரோடு உட்கார வேண்டும், முதல் 1,000 கிலோமீட்டர் விரட்டக் கூடாது, அதிக பாரம் ஏற்றக் கூடாது, 500-ல் ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும் என்று இப்போதே எச்சரித்துவிட்டார். சித்திரைக்கு நீ வரும்போது பெரம்பூரில் நிற்கிற ரயிலாகப் பார்த்து டிக்கெட் போடு. நான் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன். 40-க்கு மேல் போக மாட்டேன், வீடு வந்து சேர நேரமாகும். பெட்டியை மட்டும் கனமில்லாமல் கொண்டு வா.

அன்புடன்
அப்பா