ஃபிளாஷ் முன் லென்ஸ்: வெயிலில் கவனம் தேவை

ஆசிரியருக்கு வணக்கம்.

பறவைகளைப் படமெடுப்போருக்காக ஞாயிறு இணைப்பில் வந்த குறிப்பில், ஃபிளாஷுக்கு முன்னால் ஃப்ரெனல் லென்ஸ் (வட்ட வரிப்பள்ளங்கள் கொண்ட மெல்லிய பிளாஸ்டிக் தகடு) பொருத்தினால் 'சக்தி கூடும்' என்று இருந்தது. சக்தி கூடுவதில்லை. பக்கவாட்டில் சிதறி வீணாகும் ஒளியை அந்த வரிப்பள்ளத் தகடு குறுகிய கற்றையாகக் குவிக்கிறது, அவ்வளவே. அதனால்தான் 300 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட கேமரா லென்ஸுக்கே இது பொருந்தும். அகலக் கோணத்தில் எடுத்தால் நடுவில் ஒரு வெள்ளைத் திட்டு விழும், ஓரங்கள் இருண்டுவிடும்.

சரியாக அமைந்தால் ஏறத்தாழ 2 ஸ்டாப், அதாவது 4 மடங்கு வெளிச்சம் கிடைக்கும். தூரம் மட்டும் இரு மடங்குதான். கைடு நம்பர் (ஃபிளாஷின் திறனைக் குறிக்கும் எண்) 40 (ஐஎஸ்ஓ 100, மீட்டர்) கொண்ட ஃபிளாஷ், ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 400, எஃப் 5.6 துளையளவில் 14 மீட்டர் எட்டும்; இந்தத் தகட்டுடன் 28 மீட்டர். என்னைக் கேட்டால், தூரத்தைவிட இன்னொரு ஆதாயம் பெரிது: அதே 14 மீட்டரில் கால்வாசி சக்தி போதும் என்பதால் ஃபிளாஷ் சீக்கிரம் சார்ஜ் ஆகிவிடும்.

கேமரா லென்ஸுக்கேற்ப ஒளிக்கோணத்தைத் தானே மாற்றும் ஃபிளாஷின் ஆட்டோ ஜூமை நிறுத்திவிட்டு, தயாரிப்பாளர் சொன்ன அளவில் (பெரும்பாலும் 50 மி.மீ.) கையால் வைக்க வேண்டும். பிறகு, பறவை அமரக்கூடிய தூரத்தில் உள்ள சுவரையோ மரத்தையோ ஒருமுறை எடுத்துப் பார்த்து, வெளிச்சம் நடுவில் விழும்வரை தகட்டின் சாய்வைத் திருத்துங்கள். கற்றை குறுகலானது; சற்று விலகினாலும் ஆதாயம் போய்விடும். பகலில் நிரப்பொளியாக (நிழலைப் போக்கும் துணை வெளிச்சமாக) மட்டும் பயன்படுத்துவோர் ஃபிளாஷை மைனஸ் 1 முதல் மைனஸ் 2 ஸ்டாப் வரை குறைத்தால் இறகின் நிறம் வெளுக்காது. 1/250 நொடியைவிட வேகமான ஷட்டரில், ஹைஸ்பீட் சிங்க் முறையில் (ஃபிளாஷ் பல சிறு துடிப்புகளாக ஒளிரும் முறை) எடுத்தால் கிடைத்த ஆதாயத்தின் பெரும்பகுதி அதிலேயே கரையும். பறவையின் கண் பளபளத்தால் பிராக்கெட் (ஃபிளாஷைத் தாங்கும் சட்டம்) போட்டு ஃபிளாஷை கேமரா லென்ஸிலிருந்து தள்ளி உயர்த்துவதே வழி.

குறிப்பில் விடுபட்ட முக்கியமான செய்தி வெயில். சூரியன் இந்தத் தகட்டின் முன்பக்கம் பட்டால், பூதக்கண்ணாடி காகிதத்தைச் சுடுவதுபோல ஒளி பின்னால் குவிந்து ஃபிளாஷின் முகப்பை உருக்கிவிடும். அதற்குச் சில நொடிகளே போதும். ஃபிளாஷ் அணைந்திருந்தாலும் இது நடக்கும். டிரைபாடைத் தோளில் சாய்த்து நடக்கும்போதும், கேமராவை மேல்நோக்கி வைத்துவிட்டுப் போகும்போதும்தான் ஆபத்து அதிகம். படமெடுக்காத நேரத்தில் தகட்டைக் கழற்ற வேண்டும், அல்லது அடர்ந்த துணியால் மூட வேண்டும். காருக்குள் கழற்றாமல் விடவே கூடாது. இந்த எச்சரிக்கையை அடுத்த இணைப்பில் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்.

- ஒரு வாசகர்