மாசெருவுக்குப் போகிறவளுக்கு

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்தது. தங்கை மகளுக்கு மாசெருவில் இரண்டு வருஷ வேலை கிடைத்ததில் மிகவும் சந்தோஷம். "தென்னாப்பிரிக்காவில் அது எந்தப் பக்கம்?" என்று கேட்டிருக்கிறாய். எந்தப் பக்கமும் இல்லையப்பா, அது லெசோத்தோ என்ற தனி நாட்டின் தலைநகர். அந்த நாட்டை நாலு பக்கமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்திருக்கிறது, அவ்வளவுதான். வெட்கப்படாதே. 2025 மார்ச்சில் அமெரிக்க அதிபரே அதை யாரும் கேள்விப்படாத நாடு என்று அவர்கள் நாடாளுமன்றத்தில் நின்று சொன்னார்.

முதலில் பேர். நாம் எழுதுவது லெசோத்தோ, அவர்கள் சொல்வது கிட்டத்தட்ட லெசூட்டு. நாட்டுக்கு லெசோத்தோ, மொழிக்கு செசோத்தோ, ஓர் ஆளுக்கு மொசோத்தோ, பல பேருக்கு பசோத்தோ. வேர்ச்சொல் ஒன்றுதான், முன்னொட்டுதான் மாறும். இன்னொரு சங்கதி: அவர்கள் எழுத்தில் 'லு' என்று இருந்தால் 'டு' என்றும், 'லி' என்று இருந்தால் 'டி' என்றும் படிக்க வேண்டும். வணக்கத்தை 'லுமேலா' என்று எழுதுவார்கள், வாயில் வருவது 'டுமேலா'. பெரியவர்களை ஆணானால் 'ந்தாத்தே', பெண்ணானால் 'ம்மே' என்று சேர்த்துக் கூப்பிட வேண்டும். அப்பா, அம்மா என்றுதான் பொருள். கடைக்காரரிடம்கூட இதைச் சொல்லாமல் நேரே விலை கேட்டால் மரியாதை தெரியாத பிள்ளை என்று நினைப்பார்கள். நம் ஊர்ப் பிள்ளைக்கு இது கஷ்டமாக இருக்காது.

நாட்டை உண்டாக்கியவர் மொஷ்வேஷ்வே. இயற்பெயர் லெபோக்கோ. இளவயதில் ஒரு தலைவனின் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்து, "அவன் தாடியை மழித்துவிட்டேன்" என்று பாடினாராம். சவரக்கத்தி ஓடும் 'ஷ்வே ஷ்வே' ஓசையே பேராக நிலைத்துவிட்டது. போரும் பஞ்சமும் குலங்களைச் சிதறடித்த காலத்தில், 1824இல் தபா பொசியு என்ற தட்டை உச்சி மலைக்குத் தன் மக்களைக் கூட்டிப்போனார். செங்குத்தான பாறை, ஏறுவதற்கு ஒரு சில வழிகள்தான். மேலே ஊற்றும் மேய்ச்சலும் உண்டு. அந்த மலையை எதிரி எவனும் கடைசிவரை பிடிக்கவில்லை. ஓடிவந்தவர்களுக்கெல்லாம் மாடு கொடுத்து, நிலம் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார். பஞ்சத்தில் நரமாமிசம் தின்றவர்கள் அவருடைய பாட்டனாரையே கொன்று தின்றார்கள். அவர்களையும் அவர் தண்டிக்கவில்லை. தாத்தாவின் சமாதி அவர்கள் வயிறுதான், சமாதியை எப்படி இடிப்பது என்று கேட்டதாகச் சொல்வார்கள்.

எனக்கு அவரிடம் அதைவிடப் பிடித்தது 1852 டிசம்பர் சங்கதி. பெரேயா மேட்டில் ஆங்கிலப் படையைத் திணற அடித்தார். அன்று இரவே ஆங்கிலத் தளபதிக்குக் கடிதம் அனுப்பினார். உங்கள் பலத்தைக் காட்டிவிட்டீர்கள், எங்களைத் தண்டித்துவிட்டீர்கள், இனி சமாதானமாகப் போவோம் என்று எழுதினார். ஜெயித்தவன் எழுதுகிற கடிதமா அது! தோற்ற பக்கம் மானத்தோடு திரும்பிப் போக வழி விட்டார். ஆனால் பக்கத்தில் போயர்கள், அதாவது டச்சு வம்சாவளி வெள்ளைக் குடியேறிகள், நடத்திய குடியரசிடம் இந்தச் சாமர்த்தியம் பலிக்கவில்லை. அவர்கள் வயலைக் கொளுத்தினார்கள், மாட்டைப் பிடித்தார்கள். 1868இல் பிரிட்டனின் பாதுகாப்பைக் கேட்டு வாங்கினார். மறுவருஷ ஒப்பந்தத்தில் மொஹோகாரே ஆற்றுக்கு மேற்கே இருந்த நல்ல விளைநிலம் எல்லாம் போய்விட்டது. மிஞ்சியது மலை. இன்றைக்கும் நாட்டில் உழத் தகுந்த நிலம் பத்தில் ஒரு பங்குதான். 1870இல் அவர் இறந்தார். நாடு 1966 அக்டோபர் 4 அன்று விடுதலை பெற்றது.

விளைநிலம் போனபின் ஆண்கள் சுரங்கத்துக்குப் போனார்கள். 1980களின் கடைசியில் தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பசோத்தோ இருந்தார்கள். அப்போது நாட்டின் மொத்த ஜனமே 20 லட்சத்துக்கும் குறைவு என்றால் கணக்குப் பார்த்துக்கொள். பிறகு தங்கச் சுரங்கங்கள் ஆட்குறைப்பு செய்ய, நுரையீரலில் கல்தூசியோடும் காசநோயோடும் பலர் திரும்பி வந்தார்கள். வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு எச்ஐவி. பிறகு வந்த தையல் ஆலைகளில் பெண்கள் வேலைக்குப் போனார்கள், அமெரிக்காவுக்கு ஜீன்ஸ் தைத்தார்கள். 2025 ஏப்ரலில் அமெரிக்கா 50 சதவீத வரி என்று அறிவித்ததும் ஆர்டர்கள் நின்றன. ஆகஸ்ட்டில் அதை 15 ஆகக் குறைத்தார்கள், அதற்குள் நிறையப் பேருக்கு வேலை போய்விட்டது. உன் தங்கை மகள் வீதியில் பார்க்கப்போகும் வேலையில்லாக் கூட்டத்துக்குக் காரணம் இவைதான், சோம்பேறித்தனம் இல்லை.

தண்ணீர்க் கதை தனி. 1986 ஜனவரியில் தென்னாப்பிரிக்கா எல்லையை அடைத்தது, லெசோத்தோவில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது, அந்த அக்டோபரிலேயே தென்னாப்பிரிக்காவுக்குத் தண்ணீர் கொடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தானது. வரிசையைக் கவனி. 185 மீட்டர் உயரத்தில் காட்ஸே அணை கட்டி, மலையைக் குடைந்து 80 கிலோமீட்டருக்கு மேல் சுரங்கக் கால்வாய் போட்டார்கள். வழியில் முவேலாவில் 72 மெகாவாட் மின்சாரம் எடுத்துக்கொண்டு, தண்ணீர் ஜோகன்னஸ்பர்க் பக்கம் போகிறது. லெசோத்தோவுக்கு அதற்குப் பணம் வருகிறது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் அணைக்குப் பக்கத்து ஊர்களிலேயே பெண்கள் ஊற்றுக்குப் போய் வாளியில் தண்ணீர் சுமக்கிறார்கள். திட்ட ஆணையத்தின் தலைமை அதிகாரி லஞ்ச வழக்கில் 2002இல் சிறைக்குப் போனார். லஞ்சம் கொடுத்த வெளிநாட்டு நிறுவனத்தையும் விடாமல் தண்டித்தது அந்தச் சின்ன நாட்டு நீதிமன்றம். இதற்கு அவர்களை மெச்சத்தான் வேண்டும்.

இனி வீட்டு வாழ்க்கை. கிராமத்தில் கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய வட்ட வீடு, மேலே புல் கூரை. சுவரை மண்ணும் சாணமும் குழைத்துப் பெண்கள் பூசுவார்கள். ஈரம் காயுமுன் விரலாலோ முள்கரண்டியாலோ கோடு கீறி 'டிடேமா' என்ற கோலம் போடுவார்கள். அடுப்புக்கு 'டிசு'. நாம் தட்டும் வரட்டி மாதிரி இல்லை. தொழுவத்தில் ஆடுமாடு மிதித்து மிதித்துப் பாளமாக இறுகிய சாணத்தை மண்வெட்டியால் சதுரமாக வெட்டி, வெயிலில் காயவைத்து அடுக்குவார்கள். மரமில்லாத மலையில் வேறு விறகு ஏது? சங்கடம் என்னவென்றால், அடுப்பில் எரிந்த சாணம் வயலுக்குப் போகாது. மண் இளைத்து, மழையில் அரித்து, வெள்ளம் அறுத்த பெரிய பள்ளங்கள் ஊருக்கு ஊர் வாய் பிளந்து கிடக்கும்.

அதற்கு அவர்கள் கையாளும் ஒரு வழியை உன் கொல்லைக்காகவே எழுதுகிறேன். சாவித்துவாரத் தோட்டம் என்று பேர். அடுக்களைக்குப் பக்கத்தில் முளை அடித்து, ஒரு மீட்டர் கயிற்றால் வட்டம் போடு. ஒரு பக்கம் ஆள் நடுவரை போக வெட்டு விடு. மேலிருந்து பார்த்தால் சாவித்துவாரம். நடுவில் நாலு குச்சி நட்டு, புல்லால் சுற்றி அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவான அகலத்தில் கூடை மாதிரிக் கட்டு. அடியில் நசுக்கிய துருப்பிடித்த தகர டப்பா, உடைந்த சட்டி, சுள்ளி. தண்ணீர் வடிய அதுதான் வழி. மேலே காய்ந்த புல், எரு, சாம்பல், மண் என்று மாறி மாறிப் போட்டு வா. சுற்றுக் கல்சுவரும் கூடவே இடுப்பளவு எழும்ப வேண்டும். மண் கூடையிலிருந்து விளிம்புக்குச் சரிவாக இருக்கட்டும். காய்கறிக் கழிவும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் கூடையில் விழும், அங்கிருந்து பாத்தி முழுக்கக் கசியும். பகலில் சூடேறிய கல் இரவு உறைபனியைத் தடுக்கும். குனிய முடியாத கிழவிகளும் நோயாளிகளும் நின்றபடியே கீரை பறிக்கலாம்.

கெடுவது எங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். சுவரை நேர் செங்குத்தாக வைத்தால் நனைந்த மண் தள்ளி வயிறு புடைக்கும், பிறகு சரியும். கல்லை உட்பக்கம் கொஞ்சம் சாய்த்தே அடுக்கு. சோப்பு நுரைத் தண்ணீரை ஊற்றினால் செடி கருகும், கடைசி அலசு தண்ணீரை மட்டும் ஊற்று. கூடையில் பச்சைக் கழிவை மட்டும் திணித்தால் நாறும், நடுநடுவே காய்ந்த புல் வேண்டும். உள்ளே மக்க மக்க மட்டம் இறங்கும், வருஷா வருஷம் மண் போட்டு ஏற்ற மறக்காதே.

அந்தக் கீரைதான் 'மொரோஹோ'வாக வெந்து, கட்டியாகக் கிண்டிய மக்காச்சோள மாவு 'பாபா'வோடு தினம் தட்டில் வரும். 'பாபா' கிண்டும் மரத்துடுப்புக்கு 'லெசோக்வானா' என்று பேர். மழை பொய்த்தால் ஓர் ஊர்ப் பெண்கள் அடுத்த ஊர்த் தலைவர் வீட்டிலிருந்து அதைத் திருடிக்கொண்டு ஓடுவார்கள், அந்த ஊர்ப் பெண்கள் துரத்துவார்கள். மழைக்கான சடங்கு அது.

பிள்ளைக்கு: ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், மலையில் பனி விழும். நாட்டின் மிகத் தாழ்ந்த இடமே கடல்மட்டத்துக்கு 1,400 மீட்டர் மேலே. அதனால் மலேரியா பயம் இல்லை. கம்பளிப் போர்வையை அங்கேயே வாங்கட்டும். அதில் ஓடும் கோடு நெடுக்கில் வருமாறு போர்த்த வேண்டும். குறுக்கே வந்தால் வளர்ச்சி முடங்கும் என்பார்கள். பெண்கள் மார்புக்கு நேரே ஊக்கு குத்துவார்கள், ஆண்கள் வலது தோளில். பணம் லோட்டி, பன்மையில் மலோட்டி. ஒரு லோட்டி ஒரு ராண்ட். ராண்ட் அங்கே செல்லும், மலோட்டி எல்லைக்கு அப்பால் செல்லாது, ஊர் திரும்புமுன் மாற்றிவிடட்டும். போக்குவரத்து தென்னாப்பிரிக்கா வழியாகத்தான் என்பதால், அந்த விசாவைப் பலமுறை நுழையும்படி கேட்டு வாங்கச் சொல். நம் வீட்டு 15 ஆம்பியர் பெரிய மூன்று முள் பிளக் அங்கே அப்படியே பொருந்தும், இரண்டை எடுத்துப் போகட்டும்.

அவள் கிளம்பும் தேதியை எழுது. வீட்டில் எல்லோருக்கும் என் விசாரிப்பைச் சொல்.

அன்புடன்,
ராகவன்