"4கே சப்போர்ட்"னு போட்டு 1080 பேனல் மானிட்டரை வித்தது பத்தி புகார்

கஸ்டமர் கேர் டீமுக்கு வணக்கம்,

போன மாசம் உங்க வெப்சைட்ல 27 இன்ச் மானிட்டர் ஒன்னு வாங்கினேன், பில் காப்பி இதோட இருக்கு. பெட்டி நசுங்கல, ஸ்க்ரீன்ல கோடு விழல, நல்லாத்தான் எரியுது. அதனால "டேமேஜ் இருந்தா மட்டும் ரீப்ளேஸ்மென்ட்"ங்கற ரெடிமேட் பதில மறுபடியும் அனுப்பாதீங்க, என் பிரச்சன அது இல்ல.

உங்க பேஜ்ல படத்துக்கு மேலயே கொட்டை எழுத்துல "4கே அல்ட்ரா ஹெச்டி சப்போர்ட்". கீழ 100 ஹெர்ட்ஸ், 1 மில்லிசெகண்ட், 178 டிகிரின்னு என்னென்னமோ போட்டிருக்கீங்க, பேனலோட நேட்டிவ் ரெசல்யூஷன், அதாவது ஸ்க்ரீன்ல நிஜமா எத்தன பிக்சல் இருக்குங்கறது மட்டும் எங்க தேடியும் இல்ல. பெட்டிய பிரிச்சப்புறம் மேனுவல் கடைசி பக்கத்துல பொடி எழுத்துல 1920×1080னு இருக்கு! அதாவது 4கே (3840×2160) சிக்னல் குடுத்தா வாங்கிக்கும், ஆனா சுருக்கி 1080லதான் காட்டும். இத 4கேன்னு சொல்லி விக்கலாமா சார்?

நான் டிடிபி வேலை பாக்கறவன், கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ்னு நாள் முழுக்க தமிழ் எழுத்தோடதான் மல்லுக்கட்டு. 27 இன்ச்ல 1080 பேனல்னா இன்ச்சுக்கு 82 பிக்சல்தான் வரும், என்னோட பழைய 24 இன்ச் 1080லயே 92 வந்துச்சு, காசு குடுத்து பெருசா வாங்கி முன்னவிட மங்கலா பாக்கறேன். இதே சைஸ்ல 2560×1440 பேனல்னா 109, நிஜமான 4கேன்னா 163. 9 பாயின்ட் எழுத்த 100 சதவீத ஜூம்ல வச்சா மொத்தமே 12 பிக்சல் உயரம், அதுல மேல கொம்பு, கீழ சுழிக்கெல்லாம் போக எழுத்தோட உடம்புக்கு ஆறேழு பிக்சல் மிஞ்சும், ண-வோட சுழியெல்லாம் அதுக்குள்ள எங்க போய் உக்காரும்? ண எது ன எதுன்னு ஒவ்வொரு தடவையும் ஜூம் பண்ணித்தான் புரூஃப் பாக்கறேன். மெய்யெழுத்து மேல இருக்கற புள்ளி பாதி நேரம் ஒரு சாம்பல் கறையாத்தான் தெரியுது.

போன்ல உங்க எக்ஸிக்யூட்டிவ் "செட்டிங்ஸ்ல 3840×2160 வருதுல்ல சார், அப்போ 4கேதான்"னு சாதிச்சாரு. வரும், ஏன் வராது, மானிட்டர் அந்த சிக்னல வாங்குதே! ஆனா விண்டோஸ் "ரெகமெண்டட்"னு காட்டறது 1920×1080 பக்கத்துலதான். ஒரு பிக்சல் கருப்பு ஒரு பிக்சல் வெள்ளைன்னு கோடு போட்ட படம் ஒன்னு ரெடி பண்ணி ஓட்டிப் பாத்தேன், 1080ல கோடு கோடா பிரிஞ்சு தெரியுது, 4கேல வச்சா மொத்தமா சாம்பல் கலராயிடுது. ரெண்டு போட்டோவும் அனுப்பிருக்கேன், உங்க டெக்னிக்கல் ஆளுங்ககிட்ட காட்டுங்க. கிளியர்டைப் (விண்டோஸ்ல எழுத்த தெளிவாக்கற செட்டிங்), டிரைவர், கேபிள் எல்லாம் மாத்தியாச்சு, தயவுசெஞ்சு மறுபடி அதுலருந்து ஆரம்பிக்காதீங்க.

ரீப்ளேஸ்மென்ட் வேணாம், அதுலயும் இதே பேனல்தானே வரும். ஷிப்பிங் சார்ஜ் உட்பட முழு பணத்தையும் திருப்பிக் குடுங்க, பேஜ்ல நேட்டிவ் ரெசல்யூஷன முதல் வரில போடுங்க. 15 நாளைக்குள்ள சரியான பதில் வரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல புகார் பதிஞ்சுட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நீங்க இப்போ பேஜ மாத்தினாலும் பழைய ஸ்க்ரீன்ஷாட் தேதியோட எங்கிட்ட இருக்கு.

பிக்கப்புக்கு ஆள் அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு போன் பண்ணச் சொல்லுங்க. பெட்டி, தெர்மாகோல், ஸ்டாண்ட் ஸ்க்ரூ எல்லாம் அப்படியே வச்சிருக்கேன்.