ஓய்வு எங்கே கிடைத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் மாணவர் பக்கத்தில் உழவு பிறந்ததையும் நாகரிகம் பிறந்ததையும் பற்றி ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள், பேத்தி சத்தமாக வாசித்துக் காட்டினாள். மனிதன் விதைக்கக் கற்றானாம், சோற்றுக் கவலை தீர்ந்ததாம், கையில் ஓய்வு கிடைத்ததாம், அந்த ஓய்வில் நகரம் கட்டி எழுத்தையும் கண்டுபிடித்தானாம். எழுதியவர் ஒரே ஒரு போகம் நெல் நட்டிருந்தால் அந்த ஓய்வு என்ற சொல்லை அடித்திருப்பார்.

நான் பர்மாவில் பெகுவுக்குத் தெற்கே ஒரு நெல் கிராமத்தில் பிறந்தவன். நாற்று பறிக்கக் குனிந்தவர்கள் தை பிறந்து களம் காயும்வரை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. எங்கள் அப்பாயி அம்மியை விட்டு எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு 'முருகா' சொல்லும், அது அடுத்த வீடு வரை கேட்கும். சிரியாவில் அபு ஹுரைரா என்ற மிகப் பழைய உழவர் ஊரில் தோண்டி எடுத்த பெண்களின் எலும்புகளிலும் இதே கதைதான்: கால் பெருவிரல் மூட்டு, முழங்கால், முதுகு எல்லாம் தேய்ந்திருக்கின்றன. தினமும் மணிக்கணக்கில் மண்டியிட்டுத் தானியம் அரைத்ததால் வந்த தேய்மானம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வேட்டையாடித் திரிந்தவர்களைவிட முதல் உழவர்கள் பல இடங்களில் குள்ளமாகவும் சொத்தைப் பல்லோடும் இருந்தார்கள் என்பதும் எலும்பு சொல்லும் சேதிதான்.

இன்னொன்று, விதைத்த மறுநாளே நகரம் முளைத்துவிடவில்லை. மேற்காசியாவில் கோதுமையும் பார்லியும் பயிரானது கிமு 8500 வாக்கில். மெசபடோமியாவில், அதாவது இன்றைய இராக்கில், ஊருக் என்ற பெரிய நகரம் எழுந்து அங்கே எழுத்து வந்தது கிமு 3300-ஐ ஒட்டி. நடுவே 5000 வருஷம்! அந்த இடைவெளியில் துருக்கியில் சாத்தல்ஹூயூக் என்று ஓர் ஊர், ஆயிரக்கணக்கானவர்கள் ஆயிரம் வருஷத்துக்கு மேல் குடியிருந்த இடம், தெருவே கிடையாது, வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும், கூரை வழியாக ஏணி வைத்து இறங்க வேண்டும், செத்தவர்களை வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்தார்கள். அரண்மனை என்று சொல்லும்படி ஒன்றும் அங்கே கிடைக்கவில்லை. பெரிய ஊர்தான், ஆனால் ராஜ்யம் இல்லை.

அப்புறம் என்னதான் மாறியது? எனக்குத் தெரிந்தவரை, களஞ்சியத்து வாசலில் ஒருவன் கணக்கோடு வந்து நின்றான். ஊருக்கில் கிடைத்த ஆதிக் களிமண் பலகைகளில் பெரும்பாலானவை கவிதையும் இல்லை, சாமி பாட்டும் இல்லை. இத்தனை பார்லி வந்தது, இத்தனை ஆடு போனது, இன்னாருக்கு இவ்வளவு படி என்ற கணக்குதான். அதற்கு வெகுகாலம் முன்பே சின்னச் சின்னக் களிமண் வில்லைகளை வைத்து எண்ணியிருக்கிறார்கள். பிறகு அவற்றை ஒரு மண் உருண்டைக்குள் போட்டு மூடி, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே அச்சாகப் பதித்தார்கள். மேலேயே தெரிகிறதே, உள்ளே வில்லை எதற்கு என்று யாருக்கோ தோன்றியிருக்க வேண்டும், உருண்டை தட்டையாகிப் பலகை ஆனது.

எங்கள் வீட்டு நெல் அறைக் கதவிலும் ஒரு பலகை இருந்தது என்று சொல்லலாம். அப்பாவுக்கு எழுதத் தெரியாது. ஒரு கூடை நெல்லுக்குச் சுண்ணாம்பில் ஒரு கோடு, ஐந்தாவது கோடு குறுக்கே. ஏக்கருக்கு இத்தனை கூடை என்று அரசாங்கத்துக்கு அளந்தே தீரவேண்டிய காலம் அது (அந்தக் கட்டாயம் நின்றது 2003-ல்தான்). வீட்டில் நாற்பது கூடை அளந்து வண்டி ஏற்றினால் கிடங்கில் முப்பத்தெட்டுதான் வரும். அவர்கள் கூடை கொஞ்சம் பெரிசு. அது எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் கொல்லையில் கிடந்த சேப்பங்கிழங்கை ஒருவரும் கேட்டு வந்ததில்லை. மண்ணுக்குள் கிடப்பதை எப்படி அளப்பது, வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாமே! நெல்லும் கோதுமையும் ஒரே சமயத்தில் முற்றும், கண்ணுக்குத் தெரியும், உலர்த்தினால் வருஷக்கணக்கில் கெடாது, ஆக வரி போட வசதி. நியூகினியில் கூக் என்ற சதுப்பு நிலத்தில் பல ஆயிரம் வருஷம் முன்பே சேம்பும் வாழையும் பயிரிட்டிருக்கிறார்கள், வாய்க்கால்கூட வெட்டியிருக்கிறார்கள், அங்கே ராஜாவும் வரவில்லை, நகரமும் வரவில்லை.

சரி, என் கணக்கும் ஓர் இடத்தில் இடிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பலுசிஸ்தானில் மெஹர்கர் என்ற கிராமத்தில் கிமு 7000 வாக்கிலேயே பார்லி விதைத்து மாடு வளர்த்தார்கள். அந்த வழியில் வந்த சிந்துவெளி நகரங்கள் கிமு 2600-ல் பெரிதாகின்றன. அங்கே 1:2:4 அளவில் செங்கல், தெருவுக்குத் தெரு சாக்கடை, ஊர் ஊராக ஒரே எடையில் கல், எல்லாம் உண்டு. இதுதான் ராஜா வீடு என்று கைகாட்ட ஓர் இடம் இல்லை. அந்த எடைக்கற்களை நினைத்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது. எங்கள் கிடங்குக் கூடை அங்கே செல்லுபடி ஆகியிருக்காது.

பர்மாவில் அச்சாகும் கட்டுரையில் பர்மாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லாதது எனக்கு வருத்தம். ஹலின், பெய்க்தானோ, ஸ்ரீக்ஷேத்ரா என்று பர்மாவின் பழைய பியூ மக்கள் கட்டிய மூன்று நகரங்களை யுனெஸ்கோ 2014-ல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. இவை மெசபடோமியா அளவுக்குப் பழையவை அல்ல, இரண்டாயிரம் வருஷக் கதைதான், ஆனால் புரோம் வரை பஸ் ஏறினால் ஸ்ரீக்ஷேத்ராவைக் கண்ணால் பார்க்கலாம். அங்கே செங்கல் கோட்டைக்கு உள்ளேயே வயலும் குளமும் உண்டு. பேத்தியைக் கூட்டிப் போனபோது சுவருக்கு உள்பக்கம் ஒருவர் மாடு கட்டி உழுதுகொண்டிருந்தார், அவள் கோட்டையை விட்டுவிட்டு அந்த மாட்டைத்தான் போட்டோ எடுத்தாள்.

கடைசியாக ஒரு திருத்தம். கட்டுரைக்கு மேலே போட்ட சிந்துவெளிப் பெருங்குளத்தின் படத்துக்கு அடியில் ஹரப்பா என்று அச்சாகியிருக்கிறது. அது மொகஞ்சதாரோவில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 600 கிலோமீட்டர். பிள்ளைகள் அதைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள், அடுத்த இதழில் மாற்றிப் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
பெகுவிலிருந்து ஒரு பழைய வாசகன்