கல்யாண ஆல்பத்துக்கு 61 மெகாபிக்சல் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகூர்த்த சீசனுக்கு கேமரா வாங்குவோருக்காக உங்கள் பெங்களூரு பதிப்பில் வந்த குறிப்பில், மெகாபிக்சல் கூடினால் ஆல்பமும் அதற்கேற்பத் தெளிவாக வரும் என்று இருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அப்படியே சரியில்லை.

12க்கு 36 அங்குல ஆல்பத்தையே எடுத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்று லேபில் அச்சிட்டால், விரித்த ஷீட்டின் ஒரு பக்கத்தை நிரப்ப 5400க்கு 3600 பிக்சல் போதும். 24 மெகாபிக்சல் கேமராவே 6000க்கு 4000 தந்துவிடுகிறது. ஒரே படத்தை ஷீட் முழுக்க இழுக்கும்போதுதான் அது அங்குலத்துக்கு 167 புள்ளியாக இறங்கும். 61 மெகாபிக்சல் உள்ள சோனி ஏ7ஆர் 5 அங்கே 264 கொடுக்கும். அப்படிப்பட்ட ஷீட் ஓர் ஆல்பத்தில் இரண்டோ மூன்றோதான் வரும்.

அந்த இரண்டு மூன்றிலும் கூடுதல் பிக்சல் தானாக வேலை செய்யாது. மூன்றாம் முடிச்சு போடும் நாத்தனார் கை நொடிக்கு 20 சென்டிமீட்டர் நகர்கிறது, சட்டகத்தின் அகலம் ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1/125 நொடி ஷட்டரில் கை 1.6 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். 24 மெகாபிக்சலில் அது ஆறு பிக்சல் கலங்கல், 61இல் பத்து. அச்சில் இரண்டும் ஒரே அளவு கலங்கலாகத்தான் தெரியும்; கேமரா கெட்டுப்போகவில்லை, கூடுதலாகக் கொடுத்த காசு மட்டும் வீண். 1/500 நொடிக்குப் போனால் 61இலும் இரண்டரை பிக்சலுக்கு வந்துவிடும். ஆனால் அபர்ச்சரும் (லென்ஸின் ஒளித் துளை) மண்டப வெளிச்சமும் மாறாவிட்டால், ஒளி உணர்திறன் அளவான ஐ.எஸ்.ஓ. 1600இலிருந்து 6400க்கு ஏறும். கேமராவுக்குள் இருக்கும் ஸ்டெபிலைசேஷன் எடுப்பவர் கை நடுக்கத்தைத்தான் தாங்கும், நாத்தனார் கையை நிறுத்தாது. (பிக்சல் சிறியது என்பதால் இருட்டில் படம் புள்ளிபுள்ளியாக வரும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஒரே அளவில் அச்சிட்டுப் பார்த்தால் வித்தியாசம் சொற்பம்.)

குடும்பக் குரூப் போட்டோவுக்கு, எல்லா வரிசையும் தெளிவாக விழ, அபர்ச்சரைச் சுருக்கி எஃப்/11 வைப்பது பழைய வழக்கம். 61 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 3.8 மைக்ரான், எஃப்/11இல் ஒளி சிதறி விழும் வட்டம் 15 மைக்ரான், அதாவது நான்கு பிக்சல்; நுணுக்கம் கொஞ்சம் மங்கிவிடும். வரிசைகளை நெருக்கி நிறுத்தி எஃப்/8இல் எடுப்பது நல்லது.

பட்டுப்புடவை தனிச் சிக்கல். நிகான் டி850, ஏ7ஆர் வரிசை இரண்டிலும் சென்சாருக்கு முன்னால் மிக நுண்ணிய கோடுகளைச் சற்றே மங்கலாக்கும் லோ-பாஸ் ஃபில்டர் கிடையாது. காஞ்சிப் பட்டின் நெசவு பிக்சல் வரிசையோடு மோதும் தூரத்தில், புடவையின் உடலில் பச்சையும் ஊதாவுமாக அலை ஓடும்; இதற்கு மாய்ரே என்று பெயர். கேமராத் திரையில் படத்தைச் சிறிதாகப் பார்க்கும்போதும் இதே மாதிரி தெரியலாம், அது திரையின் கோளாறு. பெரிதாக்கிப் பார்த்தும் இருந்தால்தான் உண்மை. ஓர் அடி முன்னோ பின்னோ நகர்ந்தால் பெரும்பாலும் போய்விடும். போகாவிட்டால் மேலே வேண்டாம் என்ற அதே எஃப்/11 இங்கே கைகொடுக்கும், அந்தச் சிதறலே ஃபில்டராகிவிடுகிறது. அதையும் மீறியதை லைட்ரூம் என்ற எடிட்டிங் மென்பொருளில் மாய்ரே பிரஷ் வைத்துப் புடவைமேல் மட்டும் துடைக்கலாம். படம் முழுக்கப் போட்டால் நகையின் நிறமும் கரையும்.

அடுத்தது இடம். ரா பைல் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலப் படம்) ஒன்றுக்கு 60 எம்.பி. என்றால் 3,000 படத்துக்கு 180 ஜி.பி.; மூன்று பிரதி வைத்தால் 540. எஸ்.பி. ரோட்டில் ஹார்டு டிஸ்க் வாங்கும் செலவை கேமரா விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும். டி850, ஏ7ஆர் 5 இரண்டிலும் ரா பைலை 'எம்' அளவில் வைக்கலாம், சுமார் 26 மெகாபிக்சல். பந்தி, வரவேற்பு வரிசைக்கெல்லாம் அது போதும். முகூர்த்தத்துக்கு மட்டும் முழு அளவான 'எல்'.

புடவை கேட்டலாக், தஞ்சாவூர் ஓவியங்களைப் பிரதி எடுப்பது போன்ற வேலை செய்வோர் தாராளமாக 61 வாங்கலாம். டிரைபாடும் அசையாத பொருளும் அங்கே உண்டு. மற்றவர்களுக்கு நாள் வாடகையே லாபம். வாடகைக்கு எடுக்கும்போது எஃப்/16 வைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரில் தூசி இருந்தால் கறுப்புப் புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

இப்படிக்கு,
அல்சூர் வட்டாரத் திருமண போட்டோகிராபர்கள் சிலர்,
பெங்களூரு