இறக்கைக்கு டேப் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தெர்மாகோல் இறக்கையில் பேக்கிங் டேப் சுற்றினாலே ரிமோட் விமானம் தாங்கும் என்கிறது உங்கள் மாணவர் பகுதி. பாலக்காட்டுக் கணவாயின் ஆடிக் காற்றில் அது நடுவில் மடங்கிவிடும். பறக்கையில் இறக்கையின் அடிப்பக்கம் இழுபடும், மேல்பக்கம் நசுங்கப் பார்க்கும். டேப் இழுபடுவதைத்தான் தாங்கும், நசுங்குவதைத் தடுக்காது. முன்விளிம்பிலிருந்து கால் பங்கு அகலம் தள்ளி, இறக்கை தடித்திருக்கும் இடத்தில் பள்ளம் கீறி கார்பன் குழாய் பதிக்கவேண்டும். இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த மூங்கில் சிம்பு, மேலே ஒன்று, கீழே ஒன்று. (தச்சன் நான், எனக்கு மூங்கில்தான் பிடிக்கும்.) ஒட்டுவதற்கு வெள்ளை ஃபெவிகால் அல்லது எபாக்சி (இரண்டைக் கலந்து பூசும் பசை). ஃபெவிக்விக் தெர்மாகோலை அரித்துத் தின்றுவிடும். பிள்ளைகளுக்கு எழுதுகிறவர் இதையாவது சொல்லியிருக்க வேண்டாமா?

இப்படிக்கு,
ஒரு மர ஆசாரி,
கொழிஞ்சாம்பாறை